பாரோவின் கடைசித் திருப்பம்

பூட்டானின் பாரோ நகரில் இறங்கப்போகும் விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே தரை தெரிவதைவிடப் பக்கவாட்டில் மலை தெரிவதுதான் அதிகம். பைன் மரங்கள், விவசாயிகளின் வீடுகள், பருவம் சரியாக இருந்தால் கூரைமேல் காயும் சிவப்பு மிளகாய். பயணிகள் பலரும் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். காக்பிட்டில் இருப்பவர்களோ அந்த வீடுகளைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள். எங்கே திரும்புவது என்பதற்கு அவைதான் அடையாளம்.

பாரோ, கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் 2,265 மீட்டர். சுற்றிலும் உள்ள சிகரங்களில் சில 18,000 அடியைத் தொடுகின்றன. சென்னையில் மேகமூட்டமாக இருந்தாலும், தரையிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டு விமானம் நேர்கோட்டில் இறங்கிவிடும். பாரோவில் நேர்கோட்டுக்கே இடமில்லை. பள்ளத்தாக்கு வளைந்து வளைந்து போகிறது. கடைசித் திருப்பம் வரை ஓடுபாதை கண்ணில் படாது. அதனால் பகல் வெளிச்சமும் தெளிவான வானமும் இருந்தால்தான் பயணிகள் விமானங்கள் அங்கே இறங்கும்.

அந்தத் திருப்பத்தில்தான் விஷயமே இருக்கிறது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வேகமானி காட்டுவது, விமானத்தின் மீது மோதும் காற்றின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட வேகம். சென்னையில் காட்டும் அதே எண்ணைத்தான் பாரோவிலும் அது காட்டும். ஆனால் விமானம் உண்மையில் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகம் அவ்வளவு கூடினால், அதே சாய்வில் திரும்பும்போது வளைவின் அகலம் ஏறக்குறைய கால் பங்கு பெருத்துவிடும். பள்ளத்தாக்கோ குறுகல், வட்டமோ பெரிது. விமானி ஒரு நொடி பிந்தித் திரும்பினாலும் எதிர்ச்சரிவு அந்த அளவுக்கு நெருங்கி வந்துவிடும்.

ஆகவே, எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்தவராக இருந்தாலும் சரி, பாரோவுக்கென்று தனிப் பயிற்சி பெற்றாக வேண்டும். பாடம் இறங்குவதைப் பற்றி மட்டும் அல்ல; இறங்காமல் போவதைப் பற்றியும்தான். மேகம் குறுக்கே வந்தால் எந்தப் பக்கம் ஏறுவது? பாதி வழியில் ஒரு இன்ஜின் நின்றுவிட்டால், திரும்பும் அளவுக்குப் பள்ளத்தாக்கு எங்கே அகலமாக இருக்கிறது? இவற்றையெல்லாம் யோசித்துச் சொல்ல அப்போது நேரமிருக்காது. பதில் நுனிநாக்கிலேயே இருக்க வேண்டும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும். பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்து போய்விடுவதன் காரணம் அதுதான். லடாக்கின் லே நகருக்குப் போக விடியற்காலையில் எழுந்து அலுத்துக்கொண்ட நேயர்கள் இருந்தால், அங்கேயும் கதை ஏறக்குறைய இதேதான்.

கருவிகளை நம்பி இறங்கும் இடத்திலும் மலை மன்னிப்பதில்லை. 1992ஆம் ஆண்டு காத்மாண்டு அருகே இரண்டே மாத இடைவெளியில் இரண்டு ஏர்பஸ் விமானங்கள் மலையில் மோதின. ஜூலை 31 அன்று தாய் ஏர்வேஸ் விமானத்தில் 113 பேர். செப்டம்பர் 28 அன்று பாகிஸ்தான் விமானத்தில் 167 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. காத்மாண்டுவுக்கு அன்று படி இறங்குவதுபோல, இத்தனை மைலில் இத்தனை அடி என்று இறங்கி வர வேண்டியிருந்தது. பாகிஸ்தான் விமானம் ஒரு படி முந்தியே கீழே வந்துவிட்டது. அன்றைய எச்சரிக்கைக் கருவி நேர் கீழே இருக்கும் தரையை மட்டும் அளந்தது. முன்னால் செங்குத்தாக எழும் சரிவை உணர்வதற்குள் காலம் கடந்துவிடும். பின்னாளில் வந்த கருவிகள் நிலப்பரப்பின் வரைபடத்தையே உள்ளே வைத்துக்கொண்டு, எதிரே வரும் மலையை முன்கூட்டியே சொல்கின்றன.

செயற்கைக்கோள் வழிகாட்டல், சிமுலேட்டர் பயிற்சி என்று இன்னும் பேச நிறைய இருக்கிறது, நேரம் இல்லை. ஒன்று மட்டும். அசாம் எல்லையை ஒட்டிய கெலெஃபு சமவெளியில் பெரிய சர்வதேச விமான நிலையம் அமைக்கப் பூட்டான் திட்டமிட்டிருக்கிறது. பாரோ பள்ளத்தாக்கில் பெரிய விமானங்களுக்கு இடமில்லை. அது தயாரானதும் நேராக இறங்க விரும்புகிறவர்கள் அங்கே போகலாம். மிளகாய்க் கூரையை அருகில் பார்க்க ஆசைப்படும் நேயர்கள், காலை விமானத்தில் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கி, பாரோவுக்கே போய்வருவார்கள் என்று நம்புவோம்.