படத்தில் இருப்பவர்களின் பெயர்கள்

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



'இசையும் விடுதலையும்' என்று தலைப்புக் கொடுத்துக் கூப்பிட்டிருக்காங்க. அவ்வளவு பெரிய தலைப்பைத் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பு கிடையாது. அதனால ஒரே ஒரு நாளைப் பத்தி, ஒரே ஒரு அறையைப் பத்திப் பேசிட்டு உட்கார்ந்துடறேன். நாள், 1969 ஜனவரி 4. இடம், சிகாகோ நகரத்தில் செஸ் ரெக்கார்ட்ஸ் கம்பெனியின் டெர்-மார் ஸ்டூடியோ. அன்னைக்கு அங்கே நடந்த ஒரு ப்ளூஸ் ஒலிப்பதிவை ஜெஃப் லோவென்தால் என்கிற புகைப்படக்காரர் படம் எடுத்தார். 53 வருஷம் கழிச்சு 2022-இல் அந்தப் படங்கள் புத்தகமா வந்தது. அது வருது வருதுன்னு காத்துக்கிடந்த பைத்தியங்களில் நானும் ஒருத்தன்.

நாங்க மூணு பேர். மூணு பேரும் பழைய கேசட் ஆட்கள். ஒருத்தர் கிட்டார் வாசிப்பார். அவருக்கு அந்த அறையில் என்ன கிட்டார், என்ன ஆம்ப்ளிஃபயர், யார் கையில் எது இருந்ததுங்கிறதுதான் கவலை. தினமும் போன் போட்டு அதையே பேசுவார். இன்னொருத்தர் ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பரம ரசிகர். எனக்கு வேண்டியது வேற. ஓட்டிஸ் ஸ்பான் என்கிற கறுப்பினக் கலைஞரின் பியானோவை முப்பது வருஷத்துக்கு மேல கேட்டுக்கிட்டிருக்கேன். பியானோ முன்னால அந்த மனுசன் எப்படி உட்கார்ந்திருந்தார், வாசிக்காத நேரத்தில் அந்தக் கைகள் எங்கே இருந்துச்சு, அதைப் பார்க்கணும். புத்தகத்துக்காகக் காத்திருந்த மாசங்களில் எங்களுக்குள்ள நடந்த சண்டைதான் இன்னைக்கு நான் பேசப் போறதுக்கு விதை.

முதல்ல அறைக்குள்ள யார் யார் இருந்தாங்கன்னு சொல்லிடறேன். இங்கிலாந்திலிருந்து வந்த அஞ்சு வெள்ளைக்காரப் பையன்கள்: பீட்டர் கிரீன், ஜெரமி ஸ்பென்சர், டேனி கிர்வன், ஜான் மெக்வீ, மிக் ஃப்ளீட்வுட். இதுதான் அப்போதைய ஃப்ளீட்வுட் மேக். பின்னாடி எழுபதுகளில் கோடி கோடியா வித்த பாப் இசைக் குழுவை மனசில் வச்சுக்காதீங்க. பேர் ஒண்ணுதான், அன்னைக்கு இவங்க ப்ளூஸ் வெறியர்கள். கிர்வனுக்கு 18 வயசு, ஸ்பென்சருக்கு 20, கிரீனுக்கு 22. பீட்டர் கிரீன் லண்டன் கிழக்குப் பகுதியில் ஒரு ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்து, கறிக்கடையில் வேலை பழகினவர்.

எதிரே இருந்தவங்க: பியானோவில் ஓட்டிஸ் ஸ்பான். மவுத் ஆர்கனில் வால்டர் ஹார்ட்டன். சாக்ஸஃபோனில் ஜே. டி. பிரவுன். கிட்டாரில் படி கை, ஹனிபாய் எட்வர்ட்ஸ். டிரம்ஸில் எஸ். பி. லியரி. இவங்களையெல்லாம் கூட்டிச் சேர்த்து, ஆளுயரத்துக்கு மேல நிக்கிற டபுள் பேஸையும் வாசிச்சவர் வில்லி டிக்ஸன். தெற்கே பருத்திக் காட்டிலிருந்து வடக்கே தொழிற்சாலை நகரத்துக்கு ரயிலேறின தலைமுறையின் ஆட்கள். அந்தத் தெற்கில் கறுப்பர் குடிக்கிற குழாய் வேற, உட்கார்ற பெஞ்ச் வேற. ரெட்டைக் குவளை பார்த்த நமக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

இப்போ ஒரு காட்சியைச் சொல்றேன். எல்மோர் ஜேம்ஸ்னு ஒரு ப்ளூஸ் பாடகர். கிட்டார் கம்பி மேல குழாயை வழுக்கவிட்டு வாசிக்கிறதில் அவர் போட்ட வழியில்தான் அப்புறம் பல பேர் நடந்தாங்க. 1963-இல், 45 வயசில் செத்துப்போனார். அவர் குழுவில் சாக்ஸஃபோன் வாசிச்சவர்தான் இந்த ஜே. டி. பிரவுன். இங்கிலாந்துப் பையன் ஜெரமி ஸ்பென்சரோ, எல்மோர் ஜேம்ஸின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு, குரல் உட்பட அப்படியே பிடிச்சு வச்சிருந்தவன். அன்னைக்கு ஸ்டூடியோவில் அவன் எல்மோர் ஜேம்ஸ் பாட்டை எடுக்கிறான், பக்கத்தில் பிரவுன் நின்னு வாசிக்கிறார். யோசிச்சுப் பாருங்க. செத்துப்போன தன் கூட்டாளியின் குரல் இருபது வயசு வெள்ளைக்காரப் பையன் வாயிலிருந்து வருது. பிரவுனுக்கு என்ன தோணியிருக்கும்? சந்தோஷமா? எரிச்சலா? அன்னைக்குக் கூலி வாங்கிட்டு வீட்டுக்குப் போற ஆளுக்கு அதெல்லாம் யோசிக்க நேரம் இருந்திருக்குமா? அந்த முகத்தைப் பார்க்கத்தான் நான் காத்திருந்தேன்.

இசைத்தட்டு 'ப்ளூஸ் ஜாம் அட் செஸ்' என்ற பேரில் 1969 டிசம்பரில் வெளிவந்தது. பிரவுன் அதைப் பார்க்கலை. நவம்பர் 24 அன்னைக்கே செத்துட்டார். ஸ்பான் 1970 ஏப்ரல் 24-இல் செத்தார்.

அட்டையில் யார் பேர்? ஃப்ளீட்வுட் மேக் பேர். சரி, அவங்க கம்பெனி, அவங்க செலவுன்னு சொல்வீங்க. படி கை பேரைப் பாருங்க. அதில் அவர் படி கை இல்லை, 'கிட்டார் படி'. இதுக்கு முன்னாடியும் இப்படி நடந்திருக்கு. 1965-இல் ஜூனியர் வெல்ஸோட ஒரு இசைத்தட்டில் வாசிச்சபோது 'ஃப்ரெண்ட்லி சாப்' என்று போட்டாங்க, அதாவது சிநேகிதமான ஆள். செஸ் கம்பெனியோடு அவருக்கு இருந்த ஒப்பந்தம் குறுக்கே நின்னதால் இந்த ஏற்பாடு. கை அவருடையது, பேர் மட்டும் கம்பெனிக்கு அடமானம். இந்தத் தந்திரம் வெள்ளைக்காரக் கலைஞர்களுக்கும் நடந்திருக்குங்கிறதை மறைக்கலை. ஆனா அவங்களில் ஜெயிச்சவனுக்குப் பேரைத் திருப்பி வாங்க வக்கீல் இருந்தான்.

கூலியைப் பத்தியும் ஒரு வார்த்தை. கூட வாசிக்கிறவனுக்கு அன்னைக்குக் கணக்கு அன்னைக்கே முடிஞ்சுது. தட்டு எத்தனை வித்தாலும் அதில் பங்கு கிடையாது. பாட்டு எழுதின வில்லி டிக்ஸனுக்கே எழுபதுகளில் தன் பதிப்புரிமைக் கம்பெனி மேல வழக்குப் போட வேண்டியிருந்தது. 1985-இல் லெட் செப்பெலின் குழு மேல இன்னொரு வழக்கு, 1987-இல் சமரசமாச்சு. தொழிற்சங்கம் இல்லையான்னு கேப்பீங்க. இருந்துச்சு, ரெண்டு இருந்துச்சு. சிகாகோவில் வெள்ளை இசைக் கலைஞர்களுக்குப் 10-ஆம் எண் கிளை, கறுப்பர்களுக்கு 208-ஆம் எண் கிளை. ஒரே சங்கம், ரெண்டு தெரு. 1966-இல்தான் ரெண்டையும் இணைச்சாங்க, அதாவது நான் சொல்ற இந்த ஒலிப்பதிவுக்கு மூணு வருஷம் முன்னால. வர்க்கம் ஒண்ணு சேர்ந்தா எல்லாம் தானா சரியாயிடும்னு நமக்குப் பாடம் நடத்துற அண்ணன்மார்களுக்கு இந்த ரெண்டு எண்ணையும் எழுதிக் கொடுக்கணும்.

அந்த வருஷம் சிகாகோவில் வேற என்ன நடந்ததுன்னும் ஞாபகம் வச்சுக்கணும். அதே டிசம்பர் மாசம் 4-ஆம் தேதி விடியக்காலையில் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் இல்லினாய் தலைவர் ஃப்ரெட் ஹேம்ப்டனை, 21 வயசு, அவர் படுக்கையிலேயே போலீஸ் சுட்டுக் கொன்னது. மார்க் கிளார்க்கும் கூடவே கொல்லப்பட்டார். 1972-இல் பம்பாயில் நம் ஆட்கள் தலித் பேந்தர்ஸ் தொடங்கினப்போ பேரை எடுத்துக்கிட்டது அந்தக் கட்சியிலிருந்துதான்னு உங்களுக்குத் தெரியும். பாட்டு பதிவான ஊரும் அதே ஊர்தான்னு யாரும் சேர்த்துச் சொல்றதில்லை. ப்ளூஸ் ரசிகன் ஜனவரியைப் பேசுவான், கட்சித் தோழன் டிசம்பரைப் பேசுவான்.

இப்போ சண்டைக்கு வர்றேன். கிட்டார் நண்பர் ஒருநாள் சொன்னார்: "பீட்டர் கிரீனோட கிட்டார் இருக்கே, 1959-ஆம் வருஷத்து லெஸ் பால், அது கிரீன் கையிலிருந்து கேரி மூர் கைக்குப் போச்சு, அவர் 2006-இல் வித்தார், 2014-இல் மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட் வாங்கினார், தெரியுமா?" தெரியும். அந்த மரத்துண்டுக்குத் தலைமுறை வரலாறு இருக்கு, விலை இருக்கு, செல்லப்பேர்கூட இருக்கு. நான் திருப்பிக் கேட்டேன்: ஓட்டிஸ் ஸ்பானை எங்கே புதைச்சாங்க தெரியுமா? அவருக்குத் தெரியலை.

ஆல்சிப் என்கிற ஊரில், பர் ஓக் கல்லறைத் தோட்டம். கறுப்பர்களுக்கான கல்லறைத் தோட்டம். சாவுக்கும் தனி இடம். நமக்கு இது புதுசா? ஸ்பான் அங்கே ஏறக்குறைய முப்பது வருஷம் பேர் பொறிச்ச கல் இல்லாம கிடந்தார். மட்டி வாட்டர்ஸ் குழுவின் முதுகெலும்பா இருந்த மனுசன். அவர் செத்ததுக்கு முந்தின வருஷம்தான் செஸ் கம்பெனி பல லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஜே. டி. பிரவுன் கல்லறைக்கு 2011 வரைக்கும் கல் இல்லை. நாற்பத்தோரு வருஷத்துக்கும் மேல.

அதே பர் ஓக்கில்தான் எம்மெட் டில் என்கிற 14 வயசுப் பையனைப் புதைச்சிருக்காங்க. 1955-இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் சித்திரவதை பண்ணிக் கொன்ன சிகாகோ பையன். அவங்க அம்மா மேமி டில் சவப்பெட்டியை மூட மாட்டேன்னுட்டாங்க. என் பிள்ளைக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு உலகம் பார்க்கட்டும்னு நின்னாங்க. அந்தச் சிதைஞ்ச முகத்தின் படம் 'ஜெட்' பத்திரிகையில் வந்து நாட்டையே உலுக்கிச்சு. ஒரு புகைப்படம் என்ன பண்ணும்னு அந்தத் தாய்க்குத் தெரிஞ்ச அளவு எந்தக் கலை விமரிசகனுக்கும் தெரியாது. 2009-இல் இன்னொரு கொடுமை. அங்கே வேலை பார்த்தவங்களே பழைய கல்லறைகளைத் தோண்டி எடுத்துட்டு, அதே குழிகளைத் திரும்ப வித்ததா வழக்கு. கல் இல்லாத குழியைத் தோண்டினா யார் வந்து கேப்பாங்க?

இதையெல்லாம் சொன்னதும் நண்பர் கோவிச்சுக்கிட்டார். "அப்போ அந்தப் பையன்கள் திருடங்களா? நாம இவ்வளவு நாள் கேட்டது தப்பா?" அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரலை, இப்பவும் வரலை. அதே ஜனவரியில், சில நாள் கழிச்சு, கிரீனும் கிர்வனும் மெக்வீயும் நியூயார்க்கில் ஸ்பானுக்குப் பின்னால உட்கார்ந்து ஒரு முழு இசைத்தட்டு வாசிச்சாங்க. டிரம்ஸில் லியரி. அட்டையில் ஸ்பான் பேர்தான். கிரீன் 1970-இல் குழுவை விட்டுப் போனார். பணத்தைப் பகிர்ந்து கொடுத்துடணும்னு பேசினவர், அப்புறம் மனநோயில் வருஷக்கணக்கா அவதிப்பட்டார். கிர்வன் வீடில்லாதவரா அலைஞ்சார். இவங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏத்தி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்லை. கம்பெனி வேற, கையில் கிட்டாரோட வர்ற பையன் வேற.

ரசிகனைப் பத்தியும் ஒண்ணு சொல்லியாகணும், இல்லேன்னா நான் பொய் சொன்னவனாவேன். ஸ்பானுக்குக் கல் வச்சது யார்? கம்பெனி இல்லை, அரசாங்கம் இல்லை. ஒரு ரசிகர் 'ப்ளூஸ் ரெவ்யூ' பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், இந்தப் பெரிய கலைஞன் பேரில்லாத குழியில் கிடக்கிறான்னு. முகம் தெரியாத வாசகர்கள் எங்கெங்கிருந்தோ பணம் அனுப்பினாங்க. 1999 ஜூன் 6-இல் கல் திறந்தாங்க. பிரவுனுக்கும் ரசிகர்கள்தான் கச்சேரி நடத்திப் பணம் திரட்டினாங்க. எங்களை மாதிரி கிட்டார் நம்பரையும் தட்டு நம்பரையும் மனப்பாடம் பண்ற அதே பைத்தியங்கள்தான். அதைப் படிச்சப்போ நண்பர்கிட்ட நான் பேசின பேச்சில் பாதியை வாபஸ் வாங்கிக்கிட்டேன். மீதிப் பாதியை வாங்கலை.

புத்தகம் வந்தது. அதில் என்ன இருக்குன்னு வாயால சொல்ல எனக்கு இஷ்டமில்லை, படத்தைப் படிச்சுக் காட்டுறது வெட்டி வேலை. கொண்டு வந்திருக்கேன். கூட்டம் முடிஞ்சதும் கேசட்டும் போடறோம். ஸ்பான் எங்கே வாசிக்கிறார்னு கை காட்டறேன். ஒவ்வொரு படத்திலும் கிட்டாருக்கு அந்தப் பக்கம் யார் நிக்கிறாங்கன்னு பாருங்க. நான் சொன்ன பேர் மறந்துபோச்சுன்னா கேளுங்க, திரும்பச் சொல்றேன். ஸ்பான், ஹார்ட்டன், பிரவுன், கை, எட்வர்ட்ஸ், லியரி, டிக்ஸன்.

டீ சாப்பிட்ட கையைத் துடைச்சுட்டுத் தொடுங்க, விலை ஜாஸ்தி. இந்தாங்க, பின் வரிசையிலேர்ந்து வரட்டும்.