கடலடிக் குளிர்

கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும் வெயில் காலத்தில் கோவில்பட்டிக்காரர்களிடம் குளிரைப் பற்றிப் பேசப் போகிறேன். நம் மாவட்டத்துத் தூத்துக்குடிக் கடலில், உச்சிப் பகலிலும் நடுங்கிக்கொண்டே படகேறுகிற மனிதர்கள் உண்டு. சங்கு குளிப்பவர்கள்.

அந்தக் கடல் ஒன்றும் பனிக்கடல் இல்லை. தண்ணீர் 28 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் நம் உடம்புச் சூடு 37 டிகிரி. காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் தண்ணீர் சூட்டைக் கடத்திவிடும். நம் கிணறுகளில் நெடுநேரம் நீச்சலடிக்கும் பிள்ளைகளின் உதடு நீலம் பாரிப்பதும் இதனால்தான்.

உறையவைக்கும் கடல்களில் மூழ்குவோர் 'டிரை சூட்' என்ற நீர்புகா உடை அணிகிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கமான ரப்பர்ப் பட்டை தண்ணீரைத் தடுக்கும். சூட்டைக் காப்பதோ உள்ளாடையில் சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகி, அந்தக் காற்று பாதியாகச் சுருங்கும். உடை உடம்பைக் கவ்வும். அதனால் மார்பிலுள்ள வால்வு வழியாகக் காற்றேற்றுவார்கள். மேலே வரும்போது அதை வெளியேற்றாவிட்டால், உடை உப்பி ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

1901-லேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் கண்ட பருத்திச் சீமை நம்முடையது. ஆனாலும் அந்த உடைக்குள் பருத்தி ஆகாது. வியர்வையை உறிஞ்சி ஈரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வெயிலில் நம்மைக் குளிர்விக்கும் அதே குணம் கடலடியில் பகையாகிறது. அங்கே கம்பளியோ செயற்கை இழையோதான் உதவும்.

நம் கடலுக்கு டிரை சூட் வேண்டாம்; படகு வெயிலிலேயே ஆள் மயங்கிவிடுவார். மூன்று மில்லிமீட்டர் தடிப்புள்ள 'வெட் சூட்' என்ற ரப்பர் உடை போதும். பனியனும் கால்சட்டையுமாக, படகுக் கம்ப்ரசரின் குழாயில் மூச்சுவிட்டு நெடுநேரம் அடியில் கிடப்பவர்களுக்கு அதையாவது கட்டாயம் கொடுக்க வேண்டும் என்பேன். குளிர்ந்த உடம்பில் ரத்த ஓட்டம் குறையும். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகும். மூட்டுவலி முதல் முடக்கம் வரை அது கொண்டுபோய் விடலாம்.

கடலோ கிணறோ, கரையேறியதும் ஈரத்துணியை உடனே மாற்றுங்கள். காற்று படாத இடத்தில் உட்கார்ந்து சுடச்சுடக் கருப்பட்டிக் காப்பி குடியுங்கள். சாராயம் வேண்டவே வேண்டாம். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து, மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.