சிறுகோளுக்கு ஒரு மாணவியின் பெயர்



நூற்றாண்டு விழாவில் வானத்தைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது; சற்றுப் பொறுங்கள்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. 1801 ஜனவரி 1ஆம் திகதி இத்தாலியில் பியாசி கண்ட சீரிஸே அவற்றுள் முதலாவது. புதிதாக ஒன்றைக் கண்டவுடன் பெயர் வைத்துவிட முடியாது. அதன் பாதை நன்கு கணிக்கப்பட்டு, ஓர் இலக்கம் கிடைக்க வேண்டும். பின்னரே கண்டவர் பெயரை முன்மொழியலாம். ஆங்கில எழுத்தில் 16க்கு மேற்படக்கூடாது. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழுவும் ஏற்கவேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாது. (நட்சத்திரத்துக்கு உங்கள் பெயரை வைப்பதாகச் சான்றிதழ் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்!)

அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த லிங்கன் ஆய்வுகூடத்தினர், பூமியை நெருங்கக்கூடிய கற்களைத் தேடி நியூ மெக்சிக்கோவில் தொலைநோக்கிகளை இயக்கினர். அகப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தொலைவில் தம்பாட்டில் சுற்றுகின்ற, ஆபத்தில்லாத சிறுகோள்கள். ஆயிரக்கணக்கானவற்றுக்குப் பெயரிடும் உரிமை அவர்களிடம் சேர்ந்தது. 2001இல் அதனை, விஞ்ஞானப் போட்டிகளில் சிறந்து விளங்கிய பாடசாலை மாணவருக்கு வழங்கத் தொடங்கினர். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் பெயர்கள் இன்று அந்தக் கற்களுக்கு உண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரியாத கல்தான். இருந்தாலும் வானியலாளரின் பட்டியலில் அந்தப் பெயரே நிற்கும்.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அம்மாணவருக்கு வழிகாட்டிய ஆசிரியர்களின் பெயர்களையும் வேறு சிறுகோள்களுக்கு வைத்தனர். இதைச் சொல்லத்தான் வந்தோம்.

எமது பரிசளிப்பு விழாக்களில் மாணவியின் பெயர் வாசிக்கப்படும், நாம் கைதட்டுவோம். பாடசாலை விட்ட பிறகும் ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்திருந்து, ஊசல் பரிசோதனையை நான்காம் முறையும் செய்வித்த ஆசிரியையின் பெயர் எந்தக் கேடயத்தில் இருக்கிறது? மின்சாரமில்லாத காலத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் எமது கொப்பிகளைத் திருத்தியவர்கள் அவர்கள்.

சங்கம் இவ்வாண்டு ஆரம்பிக்கும் விஞ்ஞானப் பரிசில் மாணவியின் பெயரோடு அவளுடைய ஆசிரியையின் பெயரும் பொறிக்கப்பட வேண்டுமெனக் கேட்கிறோம். கனடாவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு விஞ்ஞானம் கற்பித்தவர்களின் பெயரையும் ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். முழுப்பெயராக எழுதுங்கள். ‘பௌதிக ரீச்சர்’ என்று மட்டும் எழுதினால் எந்த ரீச்சர் என்று செயலாளர் எங்கே போய்த் தேடுவார்?