காலை எடுக்கும் முன் ஒரு கேள்வி
(நமது அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் ஒரு வகை மனு நம்மை மிகவும் வருத்துகிறது. "வாப்பாவுக்குக் காலை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலுக்கு உதவுங்கள்" என்று வரும் மனு. அந்த உதவியை நாம் செய்கிறோம். ஆனால் கூட வைத்திருக்கும் மருத்துவச் சீட்டுகளைத் தேதி வாரியாகப் பார்த்தால், விரலில் முதல் புண் வந்ததற்கும் கால் போனதற்கும் நடுவே இரண்டு, மூன்று மாதங்கள் இருந்திருக்கும். கட்டு மாற்றியிருப்பார்கள், மாத்திரை கொடுத்திருப்பார்கள். காலுக்கு ரத்தம் போகிறதா என்று பார்த்ததற்கு மட்டும் பல நேரம் ஒரு தாள்கூட இருக்காது. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

இதயத்திற்கு பைபாஸ் செய்வது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். காலுக்கும் பைபாஸ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயிலும் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைப்பு வரும். சர்க்கரை நோய், பீடி, சிகரெட், ரத்தக் கொதிப்பு, கெட்ட கொழுப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவை முக்கியக் காரணங்கள்.

இது படிப்படியாக வரும். முதலில், கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். சற்று நின்றால் சரியாகிவிடும். இந்தக் கட்டத்தில் புகையை விட்டு, மருத்துவர் சொன்னபடி நடைப்பயிற்சியும் மாத்திரையும் எடுத்தால் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. அடுத்து, ராத்திரி படுத்தாலே பாதம் வலிக்கும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் தூக்கம் வரும். அதற்கும் அடுத்து, ஆறாத புண், கறுத்த விரல். படுத்திருக்கும்போதும் இரண்டு வாரத்திற்கு மேல் வலி இருந்தாலோ, புண் ஆறாமல் கிடந்தாலோ அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நரம்பு மரத்துப்போனவருக்கு வலியே தெரியாமல் நேராகப் புண்ணில் வந்து நிற்கும். திடீரென்று ஒரு கால் சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் அது சில மணி நேரத்திற்குள் பார்க்க வேண்டிய அவசரம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சோதனை எளிதானது. மருத்துவர் பாதத்தின் மேலும் கணுக்காலின் பின்புறமும் நாடி பார்ப்பார். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். சர்க்கரை நோயாளிக்குக் குழாய் கெட்டிப்பட்டு அளவு தவறாகக் கூடக் காட்டும் என்பதால் கால் விரலிலும் அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு டாப்ளர் ஸ்கேன், தேவையானால் சி.டி. ஆஞ்சியோகிராம்.

பைபாஸ் என்பது அடைப்பைச் சுற்றிப் போடும் மாற்றுப் பாதை. நோயாளியின் காலின் உட்புறமாக ஓடும் நீண்ட சிரையையே எடுத்து, அடைப்புக்கு மேலும் கீழும் இணைக்கிறார்கள். சிரைக்குள் ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே விடும் வால்வுகள் உண்டு. அதனால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்துவார்கள், அல்லது வால்வுகளை வெட்டிவிடுவார்கள். 1948இல் பாரிஸில் ஜான் குன்லின் என்ற மருத்துவர் இந்த முறையைத் தொடங்கி வைத்தார். நல்ல சிரை இல்லாதவருக்குச் செயற்கைக் குழாய் வைக்கலாம். ஆனால் முழங்காலுக்குக் கீழே அது சிரை அளவுக்கு நீடிப்பதில்லை.

"பலூன் வைத்தால் போதாதா?" என்று கேட்கிறார்கள். சிலருக்குப் போதும். 2022இல் வெளியான, 1,800க்கும் மேற்பட்டோரைச் சேர்த்த ஆய்வில், நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸ் மேலான பலன் தந்தது. 2023இல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களுக்கு முதலில் பலூன் சிகிச்சை செய்ததே மேலாக இருந்தது. ஆளுக்கு ஆள் முடிவு மாறும். அதனால்தான் ரத்தநாள அறுவை நிபுணரிடம் போக வேண்டும் என்கிறோம்.

எல்லாக் காலையும் காப்பாற்றிவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. சீழும் கிருமியும் உடம்பில் ஏறிவிட்டால் உயிர்தான் முதலில். அப்போது காலை எடுக்கச் சொன்னால் மறுத்து வீட்டுக்கு அழைத்து வருவது உயிருக்கே ஆபத்து. பீடி பிடிக்கும் இளைஞர்களுக்கு வரும் ஒரு வகை நோயில் சின்னக் குழாய்களே அடைபடுவதால், பைபாஸை இணைக்க இடமே கிடைக்காமல் போவதுண்டு. அறுவையிலும் ஆபத்து உண்டு. கால் குழாய் அடைத்தவருக்கு இதயக் குழாயிலும் அடைப்பு இருக்கக்கூடும். அதையும் பார்த்துத்தான் செய்வார்கள். முடிந்த பிறகும் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. சொன்ன தேதியில் ஸ்கேன் பார்க்க வேண்டும். மறுபடி புகைத்தால் புதுக் குழாயும் அடைத்துவிடும்.

நம் மஹல்லாவில் ஒரு வியாபாரி, கட்டைவிரல் கறுத்த வாரமே மகனோடு நம்மிடம் வந்தார். பைபாஸ் நடந்தது. ஒரு விரல் போனது, கால் நின்றது. இன்று கடைக்கு நடந்து போகிறார், அல்ஹம்துலில்லாஹ். எல்லா மனுவும் இப்படி நேரத்தில் வர வேண்டும் என்பதே நம் ஆசை.

வீட்டில் செய்ய வேண்டியது என்ன? பாதம் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பையோ தணலோ வைக்காதீர்கள். மரத்த பாதம் வெந்துபோனால்கூடத் தெரியாது. காலாணியை பிளேடால் சீவாதீர்கள். வெயிலில் பள்ளிவாசல் முற்றத்தை வெறுங்காலோடு கடக்காதீர்கள். நாம் தினமும் உளூவில் கால் கழுவுகிறோம். அப்போதே உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் ஒரு பார்வை பாருங்கள். கழுவியபின் ஈரம் போகத் துடையுங்கள். குனிய முடியாத பெரியவர்களின் பாதத்தைப் பிள்ளைகள் பாருங்கள். அதுவும் ஒரு கித்மத்துதான்.

பணத்தை நினைத்து யாரும் தள்ளிப்போட வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவைக்கென்றே தனித்துறை இயங்குகிறது. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறாத புண்ணோடு வருபவருக்கு டாப்ளர் ஸ்கேன் செலவையும் பயணச் செலவையும் கமிட்டி கூடும்வரை காத்திராமல் அன்றே கொடுப்பது என்று நாம் முடிவு செய்திருக்கிறோம். வசதியுள்ளவர்கள் இந்த நிதிக்கு உங்கள் ஸதகாவைத் தாருங்கள்.

நாளை உங்கள் வீட்டில் யாருக்காவது கால் புண் ஆறவில்லை என்றால், மருத்துவரிடம் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "இந்தக் காலுக்கு ரத்தம் போகிறதா?" பதிலைத் தாளில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவைத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.