எமதூர்ச் சித்திரக்கலையும் பெயரறியாக் கலைஞரும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



"எமதூரிலே சித்திரக்கலைக்கு இடமேது?" எனப் பலர் வினவுகின்றனர். கொழும்பிலே 1943ஆம் ஆண்டு ஓவியர் பலர் ஒன்றுகூடி 'நாற்பத்துமூன்று குழு' என்னும் அமைப்பை நிறுவினர். அந்நகரின் லயனல் வென்ற் மண்டபம் ஓவியக் கண்காட்சிகளுக்குப் பேர்பெற்றது. அத்துணைப் பழமையும் பெயரும் வாய்ந்த கூடமொன்று எமது வாவிக்கரையிலே இல்லை என்பது மெய்யே. ஆனால், கூடமில்லாத ஊர் கலையில்லாத ஊராகிவிடுமோ?

சற்றே கண் திறந்து பார்ப்போம். காந்தி பூங்காவிலே காந்தியடிகள் சிலையாய் நிற்கிறார். 1814இல் இங்கு வந்து, மறுவருடமே இம்மண்ணில் மறைந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் அவர்களுக்கும் நகரிலே சிலையுண்டு. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரமோ, 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையிலே சாய்ந்தது. எச்சிற்பியும் எண்ணியிராத நினைவுச் சின்னமாக அது மக்கள் மனத்திலே பதிந்தது.

இவையன்றி, தோன்றி மறையும் கலைகளும் எம்மிடம் உள. வைகாசியிலே கண்ணகி அம்மன் சடங்குக்காகக் கட்டப்படும் குருத்தோலைத் தோரணம், வாசலில் இடும் கோலம், அம்மனுக்குச் செய்யும் பூவலங்காரம் ஆகியன சில நாளிலே வாடி அழிவன. வடமோடி, தென்மோடிக் கூத்துக் களரிகளிலே அரசர் தரிக்கும் முடியும், மார்புப் பதக்கமும், கரப்புடுப்பும் வண்ணமும் வடிவமும் கலந்த கைவேலைகளன்றோ? விளக்கொளியிலே அவை மின்னும்போது ஊரே ஓவியக்கூடம் ஆகின்றது.

ஆயினும் ஒரு குறை உண்டு. சிலை யாருடையது என்று கேட்டால் சிறுவரும் விடை கூறுவர். அதைச் செய்தவர் யாரென்றால் முதியோரும் மௌனமாவர். கூத்தின் அண்ணாவியாரை ஊர் அறியும். முடி செய்தவரை ஊர் மறக்கும். கோபுரச் சுதைகளோ குடமுழுக்குத்தோறும் புதுவண்ணம் பெறுகின்றன. முன்னைய வண்ணத்தோடு அதைத் தீட்டிய கையின் நினைவும் மறைகின்றது.

அடக்கமே எமது மரபு, பெயர் பொறிப்பது அகந்தை என்பார் சிலர். மிஷன் பாடசாலையிலே பயின்ற எமக்கு, உரோமாபுரியின் சிஸ்ரைன் தேவாலய விதானத்தைத் தீட்டிய மைக்கலாஞ்சலோவின் பெயரைப் பாடநூல் கற்பித்தது. அது மேனாட்டு வழக்கமென்று தள்ளிவிடலாமோ? தஞ்சைப் பெரிய கோயிலை நோக்குங்கள். இற்றைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எழுந்த அக்கோயிலின் கல்வெட்டிலே, பேரரசன் இராசராசனோடு குஞ்சரமல்லன் என்னும் பெருந்தச்சனின் பெயரும், ஆடல் மகளிர் நானூற்றுவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. கலைஞரைப் பெயர் சொல்லிப் போற்றுதலும் எமது மரபேயாகும்.

இன்று காலம் கனிந்துள்ளது. 1982இல் விபுலாநந்த இசை நடனக் கல்லூரியாய்த் தோன்றிய நிறுவனம், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வளர்ந்து, கல்லடியிலே கட்புலக்கலையையும் கற்பிக்கின்றது. பெண்களின் வாழ்வையும் போரின் துயரையும் தூரிகையாற் பேசிய வாசுகி ஜெயசங்கர் போன்ற ஓவியரையும் இவ்வூர் கண்டுள்ளது. கற்ற இளைஞர் தம் படைப்பைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் பஸ் ஏறினாலன்றிப் பார்வையாளர் இல்லை என்ற நிலை வரலாகாது.

ஆதலால் மன்றத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஆண்டு விழாவின்போது மன்ற மண்டபச் சுவர்களை உள்ளூர் ஓவியருக்கு ஒரு வாரம் தருவோம். கூத்து முடி செய்வோரையும், ஆலயச் சித்திரக்காரரையும் தேடிச் சென்று, அவர்தம் பெயரையும் தொழில் முறையையும் எழுதி இம்மலரிலே ஆண்டுதோறும் வெளியிடுவோம். கோபுரம் புதுவண்ணம் பெறுமுன் பழைய வண்ணத்தைப் புகைப்படமாக்குவோம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு குறிப்புப் புத்தகமும் சில மாலை நேரங்களும் போதும்.

காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளார், வழக்கொழிந்த யாழைப் பழைய நூல்களிலே பல்லாண்டு தேடி, 1947இல் 'யாழ் நூல்' தந்தார். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். மறைந்துபோன ஒன்றை மீட்க ஒரு பேரறிஞரின் வாழ்வே வேண்டியிருந்தது. கண்முன் வாழும் கலையைக் காக்கவோ எம்போன்ற மாணவரின் உழைப்பே போதும். கைகள் ஓயுமுன் பெயர்களைக் கேட்டெழுதுவோம், வாரீர்!