உட்கார வைப்பது மட்டுமா மரியாதை?



நரைத்த தலையைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று லேவியர் நூல் 19ஆம் அதிகாரம் இளையவர்களுக்குக் கட்டளையிடுகிறது. எழுந்து நிற்க வேண்டியவர்கள் நாம். ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "நீங்க சும்மா உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கிறோம்" என்கிறோம். தோட்டத்தில் நிற்கும் தாத்தாவின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி வைக்கிறோம். வாசல் பெருக்கும் பாட்டியை டி.வி. முன் உட்கார வைக்கிறோம். நாலு வீடு தள்ளியிருக்கும் கடைக்குக்கூட "வண்டியில நான் போயிட்டு வந்துடறேன்" என்கிறோம். எல்லாம் அன்பினால்தான். ஆனால் இந்த அன்பு அவர்களுடைய கால்களோடு நினைவாற்றலையும் மெல்ல மெல்ல முடக்கிவிடக்கூடும். அதைத்தான் இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

காலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. அந்தச் சக்தியை இரத்தம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நாம் நடக்கும்போது இதயம் வேகமாக வேலை செய்கிறது. இரத்த ஓட்டம் கூடுகிறது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் வர வழி பிறக்கிறது. இதயத்துக்கு நல்லது எதுவோ, அது மூளைக்கும் நல்லது.

மூளைக்குள் கடற்குதிரை வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. மருத்துவர்கள் அதை ஹிப்போகாம்பஸ் என்கிறார்கள். புதிய நினைவுகள் உருவாகும் இடம் அது. வயதாக ஆக அது சுருங்குகிறது. அமெரிக்காவில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரிடம் ஓராண்டு ஆய்வு செய்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழுவினர் வாரத்தில் 3 நாள், 40 நிமிடம் நடந்தார்கள். மற்றொரு குழுவினர் கை கால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். ஆண்டு முடிவில் அந்த இரண்டாம் குழுவினரின் ஹிப்போகாம்பஸ் ஒரு விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுக்கோ ஏறத்தாழ 2 விழுக்காடு வளர்ந்திருந்தது! அவர்களும் முதல் நாளே 40 நிமிடம் நடந்துவிடவில்லை. 10 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனார்கள்.

இது எங்கோ வெளிநாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்வதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் ஓர் அறிக்கை தந்தது. நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்கிறது அது. உடல் இயக்கம் இல்லாமை அவற்றில் ஒன்று. இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

அன்பார்ந்தவர்களே, நம் மண்ணில் சாட்சிகளுக்குக் குறைவில்லை. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பாப்பம்மாள் பாட்டி, நூறு வயதைக் கடந்தும் தம் இரண்டரை ஏக்கர் நிலத்தில் இயற்கை விவசாயம் செய்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கோவை நானம்மாள் பாட்டி தொண்ணூறு வயதுக்கு மேலும் யோகா கற்றுக்கொடுத்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். உழைத்தவர் எல்லாரும் நூறு வயது வாழ்வார்கள் என்று நான் சொல்லவில்லை. "வயசாயிட்டா மூலையில உக்காரணும்" என்பது கடவுள் எழுதிய சட்டம் அல்ல என்றுதான் சொல்கிறேன்.

விவிலியத்தில் காலேபைப் பாருங்கள். 85 வயதில் அவர் யோசுவாவிடம் வந்து நிற்கிறார். ஓய்வெடுக்க நிழலான ஓர் இடமா கேட்டார்? மலைநாட்டைக் கேட்டார்! ஏறவும் இறங்கவும் உழைக்கவும் வேண்டிய நிலத்தைக் கேட்டார். யோசுவாவும் "உமக்கு எதுக்கு இந்த வயசுல?" என்று தட்டிக்கழிக்கவில்லை. ஆசி கூறி எபிரோனைக் கொடுத்தார். முதியவரின் விருப்பத்தை மதிப்பது அதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் நடந்தவருக்கும் மறதி நோய் வரலாம். வந்துவிட்டால் அது அவருடைய குற்றமும் அல்ல, பாவத்தின் தண்டனையும் அல்ல. பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிட்ட தாயையும் கடவுள் மறப்பதில்லை. அவர்களைக் குறை சொல்லாமல் தாங்கிப் பிடிப்பது நம் கடமை. படுக்கையில் இருப்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கேட்டுப் பெறுங்கள்.

பெரியவர்களே, உங்களிடம் சில வார்த்தைகள். வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும், கீழே விழாமல் இருக்க வாரம் 3 நாளாவது உடல் சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெயில் ஏறுமுன் நடங்கள். வழுக்காத செருப்பு அணியுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். முழங்கால் வலிக்கிறதா? நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குங்கள். சிறிதளவு அசைவும் வீணல்ல.

பிள்ளைகளே, அவர்களால் முடிந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பூசைக்கு வரும்போது, நடக்கும் தூரம்தான் என்றால், வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு அவர்களோடு நடந்து வாருங்கள். தைப்பூசத்துக்குப் பழனியை நோக்கி நம் சாலைகளில் எத்தனை பேர் நடந்து போகிறார்கள்! வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நம்மவர்கள் நாள்கணக்கில் நடக்கிறார்கள். அம்மா அப்பாவோடு அரை மணி நேரம் நடக்க நமக்கு நேரமில்லையா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல், ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளாக ஏற்படுத்தினார். அன்று அவர்களை நாற்காலியில் அமர்த்திச் சால்வை போர்த்துவது நல்லதுதான். மற்ற நாள்களில் கைப்பிடித்து எழுப்பி உடன் நடப்பது அதைவிட நல்லது.

உயிர்த்த ஆண்டவர் எம்மாவுக்குச் சென்ற சீடர்களோடு நடந்தார், அவர்கள் பேச்சைக் கேட்டார், அவர்களோடு பேசினார். சோர்ந்திருந்த அவர்கள் உள்ளம் வழியிலேயே பற்றியெரியத் தொடங்கியது. நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படி ஒரு வழித்துணைக்காகக் காத்திருக்கிறார்கள். இன்று மாலையே அவர்களை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். எம்மாவு வழியில் உடன் நடந்த ஆண்டவர் உங்களோடும் நடப்பாராக. ஆமென்.