தாயைத் தொலைக்காத சில்லு

பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கம் பேக்கரிகளுக்குக் குறைவில்லை. பன் மாவை உப்பவைக்கும் ஈஸ்ட்டைப் பொட்டலமாகத்தான் நமக்குத் தெரியும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் வயதாகிறது, தளர்ச்சி வருகிறது, சாவும் வருகிறது.

ஈஸ்ட் செல்லின் குறுக்களவு சுமார் 5 மைக்ரான். மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. ரொட்டி ஈஸ்ட் சரிபாதியாகப் பிளப்பதில்லை. தாயின் பக்கவாட்டில் மொட்டு முளைத்து, பருத்து, சேயாகப் பிரியும். 1959-இல் அமெரிக்காவில் மார்ட்டிமர், ஜான்ஸ்டன் என்ற இருவர் தனித்தனித் தாய்ச் செல்களைக் கடைசிவரை பின்தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 25 பிள்ளை பெற்றதும் தாய் ஓய்ந்துவிடுகிறது. சேயோ பெரும்பாலும் தன் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

ஆனால் அந்தத் தாயைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு. குடுவையில் விட்டுவிட்டால், இருபது தலைமுறைக்குள் பத்து லட்சம் செல்களுக்கு நடுவே அது ஒன்று. ஆகவே பிறக்கப் பிறக்க ஒவ்வொரு சேயையும் நுண்ணோக்கியில் பார்த்து ஊசியால் ஒதுக்கித் தள்ளினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பிரசவம். இரவில் செல்கள் இருக்கும் தட்டைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகமுடியும். அரை நூற்றாண்டு இப்படியே போயிற்று.

2012 வாக்கில் நெதர்லாந்தின் குரோனிங்கனிலும் சான்ஃபிரான்சிஸ்கோவிலும் மைக்ரோஃப்ளூயிடிக் சில்லுகள் வந்தன. கண்ணாடித் தகட்டில் ஒட்டிய, ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர். அதற்குள் மெல்லிய வாய்க்கால்கள். குட்டித் தூணுக்கும் கண்ணாடிக்கும் இடையே தாய் மாட்டிக்கொள்ளும். பருமன் போதாத சேயை, ஓடும் ஊட்டத் திரவம் அடித்துக்கொண்டு போகும். கேமரா இரவு பகலாகப் படமெடுக்கும். ஆராய்ச்சி மாணவர் வீட்டுக்குப் போகலாம்!

நம் பல்லாரி சாலை ஜி.கே.வி.கே. வளாகத்துக்கும் இந்தக் கைவேலை புதிதல்ல. அங்குள்ள என்.சி.பி.எஸ். உயிரியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சந்தியா கௌஷிகாவின் குழு 2011-இல் சிலிக்கோன் சில்லுக்குள் நுண்புழுக்களை மயக்க மருந்தில்லாமல், ஒரு மெல்லிய சவ்வால் அழுத்திப் பிடித்து, நரம்புக்குள் நடக்கும் போக்குவரத்தைப் படம்பிடித்தது. பக்கத்திலேயே இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுனில் லக்ஷ்மணின் குழு, கிடைக்கும் உணவுக்கேற்ப ஈஸ்ட் செல் எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஆராய்கிறது.

ஒற்றைச் செல்லைப் பார்த்ததன் பலன் 2020-இல் தெரிந்தது. சான் டியேகோவில் நான் ஹாவோ என்பவரின் குழு கண்டது இது: ஒரே மரபணு, ஒரே உணவு, ஒரே சில்லு, ஆனாலும் மூப்புக்கு இரண்டு வழி. சில செல்களில் ரைபோசோம் மரபணுக்கள் இருக்கும் பகுதி நிலைகுலைகிறது. மற்றவற்றில் மைட்டோகாண்ட்ரியா தளர்கிறது. சராசரி எடுத்திருந்தால் இரண்டும் ஒரே கோடாகக் கலந்துபோயிருக்கும். 2023-இல் அதே குழு, செல்லை எந்த வழியிலும் நிலைக்கவிடாமல் மாறிமாறி ஆடவைத்து, அதன் ஆயுளை 82 சதவீதம் நீட்டியது. ஈஸ்ட்டுக்குத்தான், நமக்கல்ல, லேகியம் விற்பவர்கள் காதில் விழவேண்டாம்.

சில்லிலும் ஒரு சிக்கல் உண்டு. முதுமையில் சில தாய்ச் செல்கள் தம்மளவுக்கே பருத்த சேயைப் பெறுகின்றன. அப்போது தூணடியில் தாயோடு சேயும் தங்கிவிடும், சிலசமயம் தாயே அடித்துச் செல்லப்படும். அந்தப் படங்களை இன்றும் கவனமாகச் சரிபார்த்துத்தான் கணக்கில் சேர்க்கவேண்டியிருக்கிறது.